புழு என்று சொன்னவள்

எங்கள் ஊரில் ஒருவருக்கு ஈரலில் புழு இருப்பது தெரிந்தால் அக்கம்பக்கத்தார் வந்து கையைப் பிடித்து வாழ்த்துவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தெரியட்டும். ஸ்கேனில் ஈரலுக்குள் கருப்பாக ஏதோ இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அது என்னவென்று தெரியாமல் நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தவர்களுக்குத்தான் புழுவின் அருமை தெரியும். புழு என்றால் மாத்திரை, புற்றுநோய் என்றால் சவப்பெட்டி. இரண்டில் எது என்று சொல்லும் வேலை இருபது வருடமாக டாக்டர் லுயென் தலையில்தான் விழுந்திருந்தது.

முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் புழு டாக்டர் என்று பெயர். நேரில் பார்த்தால் சின்னவர்கள் எல்லாரும் அத்தை என்பார்கள். இரண்டு பெயரும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

கோன் ஆற்றங்கரையில் செங்கல் சூளையில் வேலை பார்த்தவரின் மகள். ஹுவே நகரத்தில் மருத்துவம் படித்துவிட்டு, படித்த இடத்திலேயே தங்கிவிடாமல் ஊருக்குத் திரும்பி வந்தாள். காலையில் மாவட்ட மருத்துவமனையில் ஸ்கேன் அறை, சாயங்காலம் வீட்டு முன்னறையில் சொந்த ஸ்கேன் மெஷின். எங்கள் பக்கத்து டாக்டர்கள் எல்லாருக்கும் இப்படி இரண்டு அடுப்பு எரியும், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. மெஷின் பழையது. அதன் விசிறி நின்றுபோனால் புருஷன் டொவான் படகு எஞ்சின் பழுது பார்க்கும் கையோடு வந்து ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவான். லுயென் வாய் கொஞ்சம் கடுசு. குடிகாரர்களுக்கு ஸ்கேன் பார்க்கும்போது மட்டும் வயிற்றில் ஜெல்லை வேண்டுமென்றே சில்லென்று வைப்பாள்.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் வாத்து மேய்க்கும் காங். நகரத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில் அவர் ஈரலைப் பார்த்துவிட்டு, கூட்டிக்கொண்டு போய் ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சவப்பெட்டி வாங்கிக் கூடத்தில் வைத்தாகிவிட்டது. கடைசி முயற்சியாக மெஷின் புதிதாக வாங்கியிருந்த லுயெனிடம் தூக்கி வந்தார்கள். அவள் பார்த்துவிட்டு "புழு" என்றாள். மாத்திரை வரவழைத்துக் கொடுத்தாள். ஆறு மாதத்தில் காங் வரப்பில் நின்று வாத்துகளைத் திட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டதால் அதில் நெல் கொட்டி வைத்தார்கள். பிறகு பல வருடம் கழித்து ஒரு நாள் மாரடைப்பில் அவர் போனபோது நெல்லை வேறிடத்தில் கொட்டிவிட்டு அவரை அதில் வைத்தார்கள். பெட்டிக்குக் காத்திருக்கும் பொறுமை இருந்தது என்று இன்றைக்கும் ஊரில் கேலி பேசுவார்கள்.

அன்றிலிருந்து அவள் வீட்டு வாசலில் கூட்டம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் ஊர்க்காரன் கண்ணுக்கு ஸ்கேனில் இருண்டதெல்லாம் புழு. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. ஆற்றோரத்து நீர்க்கீரையைப் பச்சையாகத் தின்னாமல் எங்களுக்குச் சாப்பாடு இறங்காது. கீரையில் ஒட்டிக்கொண்டு வரும் புழு நேராக ஈரலுக்குத்தான் போகும். ஆகவே லுயென் சொல்வது பலித்தது. பலிக்கப் பலிக்க, சொல்வது அவளுக்கும் பழகிப் போயிற்று.

காங்கின் கடைசி மகன் கியெம், சந்தைப் பாலத்தருகே இறால் பணியாரக் கடை வைத்திருக்கிறான். அரிசி மாவைக் கல்லில் ஊற்றி, மேலே இறாலைப் போட்டு மொறுமொறுவென்று எடுப்பான். அதைக் கை நிறையப் பச்சைக் கீரையில் சுற்றித்தான் தின்ன வேண்டும். மனைவி சென் கீரை அலசுவாள். அவர்களுக்கு ஒரே பெண், நாலு வயது. பெயர் என்னவோ நீளமாக இருக்கிறது, வீட்டில் மித் என்று கூப்பிடுவார்கள். மித் என்றால் பலாப்பழம். கண் படாமல் இருக்கக் குழந்தைகளுக்கு நாங்கள் இப்படித்தான் பெயர் வைப்போம்.

டெட் புத்தாண்டுக்கு ஒரு வாரம்கூட இல்லாத ஒரு சாயங்காலம், தெருவெல்லாம் மஞ்சள் மாய் பூச்செடிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம், கியெமும் சென்னும் மித்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு மாதமாகக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. குழந்தை வெளுத்துவிட்டது. குளிப்பாட்டும்போது வலது பக்கம் விலாவுக்குக் கீழே கல் மாதிரி தட்டுப்பட்டதாகச் சென் சொன்னாள்.

மித் படுக்கையில் கால் வைத்ததுமே கத்த ஆரம்பித்தாள். கத்தும் குழந்தைக்கு ஸ்கேன் பார்ப்பது ஓடுகிற வாத்தை எண்ணுவது போல. ஒவ்வொரு மூச்சுக்கும் ஈரல் மேலே போகும், கீழே வரும். அழும்போது விழுங்கிய காற்று குடலில் நிறைந்து பாதிப் படத்தை மறைக்கும். கிடைத்த இடைவெளிகளில் லுயென் பார்த்தாள். வலது ஈரலில் பெரிதாக ஒரு கலங்கல். உள்ளே கருப்பாகச் சில இடம், வெளுப்பாகச் சில இடம். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கரை தெரியவில்லை.

பெரியவர்களின் ஈரலை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். குழந்தையின் ஈரலில் கட்டி என்று தன் வாழ்நாளில் பார்த்தது அபூர்வம், பார்த்தவற்றையும் உடனே பெரிய ஊருக்கு அனுப்பிவிட்டிருக்கிறாள். குழந்தைகளுக்கு இரத்தக் குழாய்கள் முடிச்சாகத் திரண்டு தானே கரைந்து போவதும் உண்டு, சீழ் கட்டுவதும் உண்டு, புழுவும் உண்டு, கொல்லும் கட்டியும் உண்டு. சாம்பல் நிறத் திரையில் எல்லாம் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். சில நேரம் அடையாளம் கிடைக்கும், அன்றைக்குக் கிடைக்கவில்லை.

"புழுதானே அத்தை?" என்றான் கியெம்.

அவன் அதைக் கேள்வியாகவே கேட்கவில்லை. சென் குழந்தையின் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டு லுயெனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டெட் நெருங்கும் நாட்களில் எங்கள் வீடுகளில் யாரும் கெட்ட வார்த்தை பேச மாட்டார்கள். அப்போது வாயில் வந்தது வருடம் முழுக்கக் கூடவே வரும் என்பார்கள். சாவு, நோய், ஆஸ்பத்திரி என்ற சொற்களையெல்லாம் மென்று விழுங்கிவிடுவார்கள். லுயென் படித்தவள்தான், ஆனாலும் எங்கள் ஊரில் பிறந்தவள்.

"புழு மாதிரிதான் தெரியுது" என்றாள்.

கியெமின் காதில் முதல் சொல் மட்டும் விழுந்தது. உரக்கச் சிரித்தான், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான், வெளியே காத்திருந்தவர்களிடம் போய், "புழுதான், எங்க அப்பாவுக்கு வந்த அதே புழு" என்றான். யாரோ கை தட்டினார்கள். சென் குழந்தையின் வயிற்றில் இருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே விசும்பினாள். அந்த 'மாதிரி'யை யாரும் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை.

டெட் முடிந்தும் நல்ல நாள் பார்த்து, முதல் மாதம் பாதி போன பிறகுதான் இரத்தம் எடுத்தார்கள். வருடத் தொடக்கத்தில் ஊசி குத்திக்கொள்வதை யார் விரும்புவார்கள்? குய் ஞோன் நகரத்து ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. புழுவுக்கான அடையாளம் இரத்தத்தில் இருந்தது. லுயெனுக்கு மார்பிலிருந்து ஒரு கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. எங்கள் சந்தைப் பக்கத்துக் குழந்தைகளில் யார் இரத்தத்தை எடுத்தாலும் ஏதோ ஒரு புழுவின் தடம் இருக்கும், இருப்பதால் ஈரலில் உள்ளது அதுதான் என்று ஆகிவிடாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை ஓரமாக வைத்தாள். மாத்திரை கொடுத்தாள். கியெம் கொழுத்த வாத்து ஒன்றைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து சமையலறையில் விட்டுவிட்டுப் போனான்.

காய்ச்சல் ஒரு வாரம் விட்டது. ஊரே கொண்டாடியது. பிறகு திரும்பி வந்தது.

மறு மாதம் பார்த்தபோது கலங்கல் அப்படியே இருந்தது. கியெம் கவலைப்படவில்லை. "புழு செத்தாலும் தழும்பு ஆற மாசக்கணக்காவும் அத்தை. நீங்கதானே எங்கப்பாகிட்ட சொன்னீங்க" என்று அவளுக்கே பாடம் நடத்தினான். அது உண்மையும்கூட.

அதற்கடுத்த மாதம் அளந்தபோது அரை சென்டிமீட்டர் கூடியிருந்தது. மறுபடி அளந்தாள், குறைந்தது. இன்னொரு முறை அளந்தாள், வேறு ஒன்று வந்தது. கையைச் சற்றே சாய்த்தால் அளவு மாறியது. குழந்தை மூச்சை இழுத்தால் மாறியது. கட்டிதான் வளர்கிறதா, தன் கைதான் ஆடுகிறதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மித்தின் கைகள் குச்சியாக இருந்தன.

மதியம் சாப்பாட்டில் அவள் மீன் குழம்பைத் தொடவே இல்லை. டொவான் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மீன் என்ன பாவம் பண்ணுச்சு?"

"சும்மா இருங்க."

"அந்தப் பணியாரக்கடைக் குழந்தைதானே? புழுன்னுதானே சொன்ன?"

"சொன்னேன்."

"இப்ப புழு இல்லியா?"

"தெரியல."

டொவான் எலும்பைத் துப்பினான். "எஞ்சின் ஓடலன்னா நான் வெளிய காது வச்சுக் கேப்பேன். அப்பவும் தெரியலன்னா கழட்டிப் பாப்பேன். கேட்டே கண்டுபிடிச்சுருவேன்னு யார்கிட்டயும் சவால் விட மாட்டேன்."

"நான் சவால் விட்டேனா?"

"வாத்து வாங்கித் தின்னோம்ல" என்றான் அவன்.

அவளுக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. கை கழுவிக்கொண்டு போய், தன்னோடு ஹுவேயில் படித்த டாக்டர் வீயைப் போனில் கூப்பிட்டாள். அவன் சைகோனில் குழந்தைகளுக்கு வயிற்று அறுவைச் சிகிச்சை செய்பவன். அரசாங்கம் அந்த நகரத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் எங்களுக்கு அது சைகோன்தான். எடுத்து வைத்திருந்த படங்களை அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"என்ன தோணுது உனக்கு?" என்றாள் லுயென்.

"ஒண்ணும் தோணல. இந்தப் படத்த வச்சு என்னால எதுவும் சொல்ல முடியாது. உன்னாலயும் முடியாது. இங்க இருக்குற புது மெஷின்ல பாத்தாலும் இவ்ளோதான் தெரியும். மருந்து ஏத்தி சி.டி. எடுக்கணும், இரத்தத்துல கட்டிக்கான டெஸ்ட் பாக்கணும், தேவைப்பட்டா ஊசியில சதை எடுத்துப் பாக்கணும். எப்ப முதல்ல பாத்த?"

அவள் சொன்னாள்.

"அனுப்பு லுயென்" என்றான் வீ.

அடுத்த நாள் கியெமைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பதுதான் வெட்கக்கேடு. "சைகோன்ல ஒரு தடவ காட்டிட்டு வந்தா நல்லது" என்று, மழை வரும் போலிருக்கிறது, குடை எடுத்துக்கொண்டு போ என்பது போலச் சொன்னாள். இருபது வருடத்துப் பெயர் நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கியெமின் முகம் இறுகியது. "எங்கப்பாவுக்குப் பெட்டி வாங்கச் சொன்னதும் இதே மாதிரி பெரிய ஆஸ்பத்திரிதான் அத்தை. அவனுங்க பேச்சக் கேட்டிருந்தா நான் பதினாலு வயசுலயே அப்பன் இல்லாதவன். நீங்கதான் அவனுங்க மூஞ்சியில கரியப் பூசுனீங்க. இப்ப என் பொண்ண அங்கயே கொண்டு போகச் சொல்றீங்க."

"ஒரு சந்தேகம்தான் கியெம்."

"உங்களுக்கு என்ன சந்தேகம்? டெஸ்ட்ல புழுன்னு வந்துருச்சு. இன்னும் ரெண்டு மாசம் பாப்போம்."

அவள் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க லுயென் எல்லாரிடமும் எரிந்து விழுந்தாள். வயிற்றுவலி என்று வந்தவனிடம், வாயைக் கட்டு, வலி நிற்கும் என்றாள். மருத்துவமனையில் பேனா மூடிக்காக நர்ஸோடு சண்டை போட்டாள். சந்தைக்குப் போகும்போது பாலத்தைத் தவிர்த்து, சுற்றிக்கொண்டு போனாள். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு பணியாரக் கடைக்குப் பயந்து சுற்று வழியில் போகிறோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு நாள் காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பியவள் ஸ்கூட்டரை நேராகப் பாலத்துக்கு விட்டாள்.

கடையில் நல்ல கூட்டம். மித் கல்லாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெரிய பையன் ஒருவனின் சட்டையைப் போட்டு விட்டிருந்தார்கள். வயிறு உப்பியதால் அவளுடைய சட்டைகளில் பொத்தான் மூடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. விளையாடவில்லை, அழவுமில்லை. நாலு வயதுக் குழந்தை அப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

"கடைய மூடிட்டு என்கூட வாங்க" என்றாள் லுயென்.

கியெம் கரண்டியை நிறுத்தாமல், "சாப்பிடுங்க அத்தை, சூடா இருக்கு" என்றான்.

"நான் சாப்பிட வரல. கொழந்தயத் தூக்கிட்டு வா."

"ஆளுங்க உக்காந்திருக்காங்க பாருங்க. சாயங்காலம் வரோம்."

"சாயங்காலம் நீ வர மாட்ட."

தின்றுகொண்டிருந்தவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டார்கள். கியெம் அடுத்த கரண்டி மாவை எடுத்தான். அதுவரை பேசாமல் கீரை அலசிக்கொண்டிருந்த சென் எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள். கல்லில் பாதி வெந்த பணியாரம் அப்படியே கிடந்தது. அவள் புருஷனைப் பார்க்கவே இல்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "போலாம் அத்தை" என்றாள்.

வீட்டு முன்னறையில் மித்தைப் படுக்க வைத்தபோது அவள் கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பில்லை என்று லுயெனுக்குப் புரிந்தது. அதனால் முதல் தடவையாகப் படம் ஆடாமல் நின்றது. கியெம் கதவருகே கை கட்டிக்கொண்டு நின்றான்.

"இங்க வா. மெஷின்ல இருக்குற இந்த உருட்டுப் பந்து மேல கைய வை."

"எதுக்கு?"

"வை."

அவன் எண்ணெய்ப் பிசுக்குள்ள கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். திரையில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி நகர்ந்தது.

"இதுதான் உன் பொண்ணோட ஈரல். இங்க கலங்கலா இருக்குல்ல, அதுதான். அது எங்க ஆரம்பிக்குதோ அங்க அந்தக் குறிய வை."

கியெம் குறியை நகர்த்தினான். ஓரிடத்தில் நிறுத்தினான். இல்லை என்று தள்ளி வைத்தான். மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். "இங்கயா? இல்ல இங்கயா அத்தை?"

"எனக்குத் தெரியாது. நீ சொல்லு."

"இங்கதான் கொஞ்சம் கருப்பா இருக்கு. ஆனா அந்தப் பக்கமும் கருப்பு இருக்கே."

"எந்தக் கருப்பு புழு?"

அவன் திரைக்குக் கிட்டே குனிந்தான். நெற்றியில் வியர்வை பூத்தது. கை பந்தின் மேலேயே இருந்தது, குறி எங்கும் நகரவில்லை.

"மூணு மாசமா நான் பாத்தது இதத்தான் கியெம். இதுக்கு மேல ஒண்ணும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதுல புழுன்னு எங்கயும் எழுதியில்ல. நீ கேட்ட, டெட் வேற நெருங்கிட்டிருந்துச்சு, உன் பொண்டாட்டி என் மூஞ்சியையே பாத்துட்டிருந்தா. நான் புழுன்னு சொன்னேன். புழுவா இருக்கணும்னு நெனச்சேன், அதனால சொன்னேன்."

"அப்போ எங்கப்பாவுக்கு?" கியெம் திரும்பி அவளைப் பார்த்தான். "எங்கப்பாவுக்குப் பாத்த உடனே சொன்னீங்களே."

லுயென் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் மிச்சப் பெயராவது தப்பியிருக்கும்.

"அப்பவும் இப்படித்தான் தெரிஞ்சுது. அவங்க கேன்சர்னு சொல்லிட்டாங்க, வேற வழி இல்ல, மாத்திரையக் குடுத்துப் பாப்போம்னு குடுத்தேன். காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. நீங்கல்லாம் காக்காதான் தள்ளுச்சுன்னு சொன்னீங்க, நானும் கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

கியெம் பந்திலிருந்து கையை எடுத்தான். அவளை அடிப்பான் போல ஒரு கணம் நின்றான். அடித்திருந்தால் அவள் தடுத்திருக்க மாட்டாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்து, பெரிய சத்தத்தோடு அழுதான். மித் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

"பஸ் எப்ப அத்தை?" என்றாள் சென்.

அவர்கள் சைகோனுக்குப் போய் இரண்டு நாள் கழித்து வீ கூப்பிட்டான்.

"புழு இல்ல. சின்னக் கொழந்தைங்களுக்கு வர்ற ஈரல் கட்டி. கெட்டதுதான். இரத்த டெஸ்ட்ல அளவு எக்கச்சக்கமா ஏறியிருக்கு, சி.டி.யில எல்லையும் தெளிவா தெரியுது."

"எடுத்துடலாமா?"

"இப்ப முடியாது. பெரிய இரத்தக் குழாயத் தொட்டுட்டு நிக்குது. முதல்ல மருந்து குடுத்துச் சுருக்கணும். சுருங்குனாதான் கத்தி."

"நான் முதல்ல பாத்தப்பவே அனுப்பியிருந்தா?"

வீ பொய் சொல்லத் தெரியாதவன், படிக்கும் காலத்திலேயே அப்படித்தான். "அப்பவே நேரா எடுத்திருக்கலாமோ என்னமோ. தெரியல. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா எடுக்கவே முடியாம போயிருக்கும், அது தெரியும்."

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் கடை பூட்டியே கிடந்தது. லுயென் இரண்டு முறை சைகோன் போனாள். முதல் முறை கியெம் அவளைக் கண்டதும் வராந்தாவிலிருந்து எழுந்து வேறு பக்கம் போய்விட்டான். மித்துக்கு முடி கொட்டியிருந்தது. வாயெல்லாம் புண். லுயென் கொண்டுபோன கஞ்சியைச் சென்தான் வாங்கிக்கொண்டாள். இரண்டாம் முறை கியெம் அவள் உட்கார நாற்காலி இழுத்துப் போட்டான். அதோடு சரி.

ஊரில் அவள் வாசலில் கூட்டம் குறைந்தது. நடந்ததுதான் காரணம் என்று நீங்கள் நினைப்பீர்கள், அது இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் தப்பை மன்னிப்பார்கள். அவள் இப்போது ஈரலில் எதைப் பார்த்தாலும், "இதுல தெரியறது இவ்ளோதான், மேல டெஸ்ட் எடுங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள், அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதற்கு ஒரு டாக்டரா என்று திட்டிக்கொண்டே பக்கத்து ஊருக்குப் போனார்கள். அங்கே ஒருவன் பார்த்த மாத்திரத்தில் புழு என்று சொல்கிறானாம்.

மழைக்காலத்தில் கட்டி சுருங்கியது. ஈரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். ஈரல் திரும்ப வளரும் உறுப்பு, குழந்தையும் வளரும் வயது. அடுத்த டெட்டுக்கு முன்னால் மித் ஊருக்கு வந்துவிட்டாள். தலையில் வாத்துக்குஞ்சு போலப் பிசிறு முடி, வயிற்றில் குறுக்கே ஒரு பெரிய தழும்பு. அடிக்கடி ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும், ஸ்கேனை ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று வீ சொல்லி அனுப்பியிருந்தான். ஸ்கேனுக்கு எங்கே போவது என்று கணவன் மனைவிக்குள் சண்டை நடந்தது என்று கேள்வி. கடைசியில் இங்கேதான் வந்தார்கள்.

லுயென் ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித் தடவினாள். மித், "கூசுது" என்று நெளிந்தாள். லுயென் மெல்ல மெல்ல, ஓரம் விடாமல் பார்த்தாள். பார்த்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். கலங்கல் எங்கும் இல்லை. அவளுக்கு அழுகை முட்டியது.

"என்ன அத்தை?" என்றான் கியெம்.

"பாக்க முடிஞ்ச இடத்துல ஒண்ணும் இல்ல. நல்லாருக்கு. ஆனா ரொம்பச் சின்னதா எதுவும் இருந்தா இதுல தெரியாது. இரத்த டெஸ்ட் குடுத்துட்டுப் போங்க, அது வந்தப்புறம் பேசலாம்."

கியெம் தலையாட்டினான். குழந்தையின் சட்டையை எடுக்க வெளியே போனான். சென் மட்டும் நகரவில்லை. படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு தடவ சொல்லுங்க அத்தை. ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாயிடுச்சுன்னு ஒரே ஒரு தடவ. ஒரு வருஷமா நான் தூங்கல. டெட் வருது."

லுயென் அவளைப் பார்த்தாள். சொல்வதற்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. சொன்னால் இந்தப் பெண் இன்றைக்குத் தூங்குவாள். இரத்த முடிவும் நல்லதாகவே வரலாம். இருபது வருடம் அவள் செய்த வேலை இதுதானே.

"பாக்க முடிஞ்ச இடத்துல ஒண்ணும் இல்லம்மா" என்றாள் மறுபடியும்.

சென்னின் கண் நிரம்பியது. "பொய்யா சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன் அத்தை."

"தெரியும்" என்றாள் லுயென். "அதனாலதான் சொல்லல."

சென் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளைத் தூக்கி இறக்கிவிட்டு, இரத்தம் எடுக்கும் இடம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று கேட்டாள்.